பதினெட்டாவது

இசிபிங்கோவில் மூன்று மாடி சரிந்து
இருபத்தாறு மணி நேரம்.
சுத்தியல்களை நிறுத்தச் சொன்னேன்.
ஜெனரேட்டரை அணைக்கச் சொன்னேன்.
நாயைக்கூடத் தூரக் கொண்டுபோனார்கள்.
பெட்டியை உடைந்த தளத்தின்மேல் வைத்துவிட்டு
இருபது அடி பின்னால் வந்து நின்றேன்.
கிட்டே நின்றால் அது என்னைத்தான் கண்டுபிடிக்கும்.

ரேடாருக்கு முகம் தெரியாது.
கான்கிரீட்டுக்கு அப்பால் ஒரு நெஞ்சு
அரிசிமணி அளவு ஏறி இறங்கினால் தெரியும்.
சொட்டும் குழாயிடம் ஏமாறும்.
தார்ப்பாய் காற்றில் புடைத்தாலும் ஆள் என்னும்.
நேற்றிரவு ஒரு தார்ப்பாய்க்காக
நான்கு மணி நேரம் தோண்டினோம்.

பட்டியலில் பதினேழு பேர்.
பதினேழு பேரும் வந்துவிட்டார்கள்,
பதினொருவர் நடந்து,
ஆறு பேர் போர்வைக்குள்.
ஒவ்வொரு பெயருக்கும் எதிரே பச்சை மையில் ஒரு கோடு.
"முடிந்தது, புல்டோசரை விடலாம்" என்றார்
காண்ட்ராக்டர் தேசிகன் செட்டி.

திரையில் ஒரு புள்ளி.
நாலரை மீட்டர் ஆழம். நிமிடத்துக்கு எட்டு.
பிறகு ஏழு.
குழாய் இப்படிச் சோர்ந்துபோகாது.

யார் அது என்றேன்.
யாருமில்லை என்றார்.
அதுவரை ஆங்கிலத்தில் பேசியவர்
பக்கத்தில் வந்து, குரலைத் தாழ்த்தி, தமிழில்:
"தங்கச்சி, மூச்சு விடாதே."

எனக்குச் சிரிப்பு வந்தது.
அந்த இடத்தில், வெட்கமில்லாமல்.
மலாவியிலிருந்து காகிதமில்லாமல் வந்தவன்,
கூலியை இருட்டில் கைநீட்டி வாங்கியவன்,
மூன்று மாதமாய் ஒருவரிடமும் மூச்சு விடாதவன்
கீழே விட்டுக்கொண்டிருந்தான்.
நிமிடத்துக்கு ஏழு தடவை
தன்னைத்தானே காட்டிக்கொடுத்துக்கொண்டிருந்தான்.

பெக்கானியிடம் விரலால் ஏழு காட்டினேன்.
அவன் பட்டியலைக் கேட்கவில்லை,
கடப்பாரையைக் கேட்டான்.

விடிவதற்குள் இன்னும் ஐந்து தடவை
எல்லோரையும் விலக்கிவிட்டுப் பார்த்தேன்.
ஆறு. ஆறு. ஒன்பது.
அப்புறம் ஒன்றுமே இல்லை.
பேட்டரி தீர்ந்திருந்தது.
மாற்றிப் போட்டதும் மறுபடி ஆறு.

முதலில் ஒரு காது வெளியே வந்தது, சுண்ணாம்பு பூசியதுபோல்.
பெயர் கேட்டேன்.
சிகொண்டி என்றானோ, இருமினானோ.
பட்டியலின் அடியில், கையிலிருந்த பென்சிலால்
கேட்ட மாதிரி எழுதினேன்.

பெட்டியை அணைக்க மறந்திருக்கிறேன்.
திரையில் எண்ணமுடியாமல் புள்ளிகள்.
எல்லோரும் கிட்டே வந்துவிட்டார்கள்.