பத்துக்கு எத்தனை

அறுநூற்றுப் பன்னிரண்டாவது முறை செத்தபோது
தேநீர் ஆறிப்போயிருந்தது.
லியெபாயாவில் காற்றுக்கு வேறு வேலை கிடையாது,
ஜன்னல் சட்டத்தை உலுக்கிக்கொண்டே இருக்கும்.
கீழே கடைசி டிராம் திரும்புகிற கிறீச்சு.
விடிவதற்குள் விமர்சனம் போயாக வேண்டும்.
எண்ணூறு சொல், ஓர் எண்,
நாற்பது யூரோ.

விளையாட்டின் பெயர் உறைகரை.
என் கட்டைவிரல் நகத்தைவிடச் சிறிய பெண்,
முதுகில் விறகு.
பாறைக்குப் பாறை தாவ வேண்டும்.
குளிரும். பசிக்கும்.
விறகை எரித்தால் சூடு,
எரித்துவிட்டால் அடுத்த இரவுக்கு ஒன்றுமில்லை.
தவறினால் கடல்.
கடலென்றால் முதலிலிருந்து.
மன்னிப்பு என்றொரு பொத்தானை
அந்த இரண்டு பேரும் செய்யவேயில்லை.

ஆமாம், இரண்டே பேர்.
வென்ட்ஸ்பில்ஸில் மீன் குளிர்கிடங்கின் மாடியில்
ஐந்து குளிர்காலம் உட்கார்ந்து செய்தார்களாம்.
ராய்டிஸ் நிரல் எழுதினான், ஜைகா கடலை வரைந்தாள்.
கடல் அபாரம். அதில் எல்லோரும் ஒரே கட்சி,
விழுந்து விழுந்து பார்த்தவர்கள் அல்லவா.

மற்றதில் ஒத்துப்போகவில்லை.
கிராக்கோவின் பொகுமிலா எழுதினாள்:
"கொடுமையை ஆழமென்று நினைக்கிற வயது
எல்லோருக்கும் வரும், கடந்தும் போகும்."
லியோனிலிருந்து திபோ பத்துக்குப் பத்து போட்டான்.
நான்காம் பாறையைத் தாண்டியதும்
சமையலறைக்குப் போய் அழுதானாம்.
(அவன் எதற்கும் அழுவான். ஆனாலும்.)
ஒரு டேனிஷ்காரர் இரண்டே மணி நேரத்தில்
பணத்தைத் திரும்ப வாங்கிக்கொண்டு
அந்த ரசீதையே விமர்சனமாக வைத்தார்.
"இது முடியாதவர்களுக்கானதல்ல" என்றான் இன்னொருவன்.
அந்த வாக்கியத்தைத்தான் என்னால் விழுங்க முடியவில்லை.

என் தங்கை குண்டெகாவுக்கு வலக்கையில் மூன்று விரல்.
எதிலும் என்னைவிட வேகமாகத் தாவுவாள்,
பொத்தான்களை இடம் மாற்றிக்கொள்ள விட்டால்.
இதில் விடவில்லை.
ஐந்து குளிர்காலத்தில்
ஒரு பிற்பகல் போதுமே அதற்கு.

ஏழாம் பாறை.
எப்படி ஓடி வந்து தாவினாலும் ஒரு புள்ளி குறைகிறது.
ஒரே ஒரு புள்ளி.
கணக்குப் பிழை என்று குறித்து வைத்தேன்,
நையாண்டியாக ஒரு பத்தியும் தயார்.
பிறகு, மூன்று மணி சுமாருக்கு,
சலிப்பில் அவளுக்குச் சோறு காட்ட மறந்துவிட்டேன்.
பசிக்கோடு சிவந்து, மெலிந்து,
அணையப் போகிற நேரம்
சும்மா ஒரு தாவு தாவவிட்டேன்.

தாண்டிவிட்டாள்.

பசித்தவளுக்குக் கனம் குறைவு!
பட்டினி கிடந்தால்தான் பறக்கலாம் என்று
எங்கோ ஒரு வரியில் ஒளித்து வைத்திருக்கிறான் பாவி.
எழுந்து நின்றுவிட்டேன்.
கை தட்டவா, காறித் துப்பவா?
உண்மை என்றது ஒரு மனம்.
வயிறு நிறைந்தவன் கண்டுபிடித்த உண்மை என்றது மற்றது.
என் அலமாரியில் அரைப் பை பார்லி, வெங்காயம் ஒன்று,
பணம் வருவது பதினைந்தாம் தேதி.
பசித்து நான் எந்தப் பாறையையும் தாண்டியதில்லை.
பசித்தால் எனக்கு எழுத்துப்பிழைதான் வரும்.

வியெஸ்டுர்ஸ் கேட்டார்: "எண்?"
ஆறு என்று அனுப்பினேன்.
கடலுக்கு மூன்று, அந்தத் தாவலுக்கு மூன்று.
மீதி நாலும் குண்டெகா கையில் இருக்கிறது,
அவளிடம் போய் வாங்கிக்கொள்ளட்டும்.

பத்து மணிக்கு ராய்டிஸிடமிருந்து கடிதம்.
"பொத்தான் விஷயம் நியாயம், வெட்கமாக இருக்கிறது.
ஏழாம் பாறை எங்கள் தவறு.
சாவை அணைத்து வைத்துத்தான் எப்போதும் சோதித்தோம்.
பசிக்கும் கனத்துக்கும் நான் முடிச்சே போடவில்லை,
எழுதிய எல்லாவற்றையும் தேடிப் பார்த்துவிட்டேன்.
நீங்கள் எப்படித் தாண்டினீர்கள்?"

மூன்று மதிப்பெண்.
யாரும் சொல்லாத ஒன்றுக்கு
மூன்று மதிப்பெண் கொடுத்து, அது அச்சும் ஏறிவிட்டது.

இன்னும் பதில் எழுதவில்லை.
அடுப்பில் பார்லி கொதிக்கிறது.
திரையை நான் அணைக்கவில்லை,
எட்டாம் பாறையில்
சிவப்புக்கோடு ஒரு மயிரிழையாக நிற்க
அவள் குந்தியிருக்கிறாள்.
விறகு நனையவில்லை.