இருபது பென்ஸ்

வியாழக்கிழமை ஏழு மணிக்கு
டயர் கடை ஷட்டரை
கிளென்ராய் முக்கால்வாசி இறக்கிவிடுவான்.
குனிந்துதான் நுழைய வேண்டும்.
எங்கள் உயரத்தைக் கண்டு
எதிர் நடைபாதைக்கு மாறிப்போகும் ஊர் இது.
இங்கே மட்டும்
நாங்களாகக் குனிகிறோம்.

சட்டம் ஒன்றுதான்.
"எப்படி இருக்கே?" என்று கேட்டால்
"நல்லா இருக்கேன்" என்பவன்
கிரீஸ் டப்பாவில் இருபது பென்ஸ் போட வேண்டும்.
பொய் என்று யாரும் சொல்வதில்லை.
விலை மட்டும் வைத்திருக்கிறோம்.
அந்தக் காசில்தான் பிஸ்கட்.
முதல் குளிர்காலம் முழுக்க
பிஸ்கட்டுக்குப் பஞ்சமே இல்லை.

உட்கார, அடுக்கிய டயர்கள்.
ரப்பர் நாற்றம் கோட்டில் ஏறி
நான் ஓட்டும் கடைசி பஸ் வரைக்கும் வரும்.

தந்தையின் பெட்டியை
இடது தோளில் சுமந்த நாளில்
ஆஸ்மண்டுக்குக் கண்ணீர் வரவில்லை.
இப்போது கார் கழுவும் கூண்டுக்குள் போய்
ஐந்து நிமிடத்துக்குக் காசு கட்டி அழுகிறானாம்.
பிரஷ் சுற்றும் சத்தத்தில்
வெளியே கேட்காது.
"சேப்பல்டவுனிலேயே
என் வண்டிதாண்டா சுத்தம்" என்றான்.
சிரித்தோம்.
சிரித்து முடித்ததும் யாரும்
அடுத்த பேச்சை எடுக்கவில்லை.

இஷ்மேலின் தம்பி
மூன்று நாள் உறங்காமல்
சுவரோடு வழக்காடிக்கொண்டிருந்தபோது
ஆம்புலன்ஸ் கேட்டார்கள்.
வந்தது போலீஸ் வேன்.
"அவன் பயந்துபோய் நின்னான்.
பயந்தவனைப் பார்த்து
ஆறு பேர் பயந்தாங்க."
அதற்குமேல் அவன் சொன்னதை
அந்த ஷட்டருக்கு வெளியே
நான் கொண்டுபோக மாட்டேன்.

என் முறை வந்தபோது
டாக்டர் ரத்த அழுத்தம் பார்த்த கதையைச் சொன்னேன்.
அவர் வேறெதுவும் கேட்கவில்லை,
நானும் சொல்லவில்லை,
இருவரும் நிம்மதியாக எழுந்தோம்.

லின்வால் அப்படியில்லை.
கேட்பதற்கு முன்பே காசைப் போட்டுவிடுவான்.
லாரி டயரில் ஓரமாக உட்கார்ந்து
கேட்டுக்கொண்டே இருந்துவிட்டுப் போவான்.
பதினோரு வாரம்.
ஒருவரும் தோண்டவில்லை.

பன்னிரண்டாம் வாரம் அவன் வரவில்லை.
போன் அடித்து அடித்து ஓய்ந்தது.
டப்பாவை அக்குளில் இடுக்கிக்கொண்டு
கிளென்ராய் விளக்கை அணைத்தான்.

நான்காம் மாடி. லிஃப்ட் ஓடவில்லை.
இரவு பத்து மணி நடைவழியில்
நான்கு கறுப்பு ஆண்கள்.
எதிர்வீட்டுக் கதவு ஒரு விரல் திறந்து மூடியது.
இஷ்மேல் சட்டைப்பையிலிருந்து
கைகளை எடுத்துத் தொங்கவிட்டான்,
பழக்கம்.
சிறியவர்களாகத் தெரிய
எல்லோரும் தரையில் உட்கார்ந்தோம்.

லின்வாலின் கதவடியில் வெளிச்சம்.
தட்டினால் பதிலில்லை.
தபால் துளையைத் தூக்கி
கிளென்ராய் உள்ளே கேட்டான்:
"எப்படி இருக்கே?"

எவ்வளவு நேரம் என்று தெரியவில்லை.
பிஸ்கட் பொட்டலம் ஒரு சுற்று வந்தது.
யாரோ படியேறி, எங்களைப் பார்த்து,
இறங்கிப் போனார்கள்.
போலீஸைக் கூப்பிடுவார்களோ என்ற எண்ணம்
நான்கு தலைக்குள்ளும் ஒன்றாக ஓடியது.
எழுந்திருக்கவில்லை.

துளையின் மூடி அசைந்தது.
ஒரு காசு விழுந்தது,
உருண்டு வந்து
என் ஷூவில் முட்டிப் படுத்தது.

இருபது பென்ஸ்.

முதலில் ஆஸ்மண்ட் சிரித்தான்.
பிறகு அடக்க முடியாமல் நாங்கள்.
கதவுக்குப் பின்னாலும் ஏதோ சத்தம்.
இருமலா, அதுவா,
இன்றுவரை அவனைக் கேட்கவில்லை.

கிளென்ராய் காசை எடுத்துத்
துடைத்து
துளை வழியே திரும்பத் தள்ளினான்.
"இன்னைக்கு இது செல்லாது, லின்வால்."

உள்ளே சங்கிலி லேசாகக் குலுங்கியது.
கழற்றினானா,
பிடித்துக்கொண்டு நின்றானா.
கதவு திறப்பதற்குள்
நான் மூன்று பிஸ்கட் தின்றிருந்தேன்,
ஒன்றின் ருசியும் தெரியாமல்.