ஏழரைக்கு மேல்

முப்பது வருடம் கழித்து
அந்தக் களிமண் கழுதை
முதுகில் சுவர்க்கடிகாரத்தைக் கட்டிக்கொண்டு
இஸ்திரி மேஜைமேல் வைத்த என் லேப்டாப்பில்
நொண்டி நொண்டி வருகிறது.
நொண்டுகிறது என்று அப்போது தெரியாது.
நொடிக்குப் பன்னிரண்டு படம் எடுக்கக் காசில்லாமல்
எட்டோடு நிறுத்தியிருக்கிறார்கள்.

ருஸ்தவி. நாலாம் மாடி.
உருக்காலை புகைவிட மறந்துபோன வருடம்.
ஏழு இருபதுக்குக் கழுதை வரும்,
ஏழரைக்குக் கரண்ட் போகும்.
கழுதை ஆற்றங்கரையில் ஒரு காலைத் தூக்கியிருக்கும்.
படம் சுருங்கி வெள்ளைப் புள்ளியாகும்.
புள்ளியும் போனதும்
கீழ்வீட்டு எலிசோ
மின்வாரியத்தின் ஏழு தலைமுறையை வாசலுக்கு இழுப்பாள்.
நான்,
"அப்புறம்?"

ரேஸோவுக்கு எட்டு வயது, எனக்கு ஐந்து.
மண்ணெண்ணெய் அடுப்பின் நீல வளையத்துக்குப் பக்கத்தில்
மீதியை அவன்தான் சொல்வான்.
ரொட்டி இல்லாத நாளில்
கடிகாரம் பாலாடைக்கட்டியால் செய்ததாக இருக்கும்;
கழுதை பன்னிரண்டிலிருந்து தின்னத் தொடங்கி
மூன்றுக்கு வரும்போது நான் தூங்கியிருப்பேன்.
குளிர் நாளில் கடிகாரத்துக்குள் ஒரு குளியலறை,
வெந்நீரோடு.
பக்கத்துவீட்டு லாடோவோடு அவன் சண்டை போட்ட நாளில்
ஊரில் லாடோ என்று ஒரு ஓநாய்.

இப்போது பார்க்கிறேன்.
பத்தாவது நிமிடம் நெருங்க நெருங்க
என் கை தானாக ஜன்னல் விளிம்புக்குப் போய்
தீப்பெட்டியைத் தேடுகிறது.
அங்கே தீப்பெட்டி இல்லை, மருமகளின் நெயில் பாலிஷ்.
படம் நிற்கவில்லை.
கழுதை ஆற்றைக் கடக்கிறது.
ஊர் வாசலில் தொப்பிக்காரர் ஒருவர்
கடிகாரத்தை வாங்கிக்கொண்டு நன்றி சொல்கிறார்.
கழுதை வைக்கோலில் படுத்துத் தூங்குகிறது.
அவ்வளவுதான்.

அடுத்த பாகம். அதே தொப்பிக்காரர்.
அதற்கடுத்ததும். அதே வைக்கோல்,
அதே கண்மூடல், படச்சுருளில் அதே கீறல்கூட.
பதினொரு பாகத்துக்கும் ஒரே முடிவை வெட்டி ஒட்டியிருக்கிறார்கள்.
சிரிப்பாக வந்தது. பிறகு
நெற்றியில் யாருடையதோ பெருவிரல் ரேகை தெரிந்தது.
அசையும்போதெல்லாம் ரேகையும் அசைகிறது,
கழுதை எதையோ யோசிப்பதுபோல.
அதற்காகவே ஒருமுறை நிறுத்திப் பார்த்தேன்.

ஒரு ராத்திரி அம்மா வரவில்லை.
ரொட்டி வரிசைக்குப் போனவள். வெளியே
எங்கோ வெடிச்சத்தம், பட்டாசு என்றான் ரேஸோ.
அன்று கழுதை ஊர் போய்ச் சேரவே இல்லை.
ஒரு மலை, அதற்குப் பின்னால் இன்னொரு மலை,
உப்பு விற்கிறவன், அவன் தங்கை, தங்கையின் பூனை,
பூனைக்கு ஜலதோஷம்.
முடிக்காமல் இழுத்துக்கொண்டே போனான்.
கதவு தட்டும்வரைக்கும் போனான்.
அம்மா உள்ளே வந்து
எங்கள் இருவர் தலையிலும் பனிக்கை வைத்தபோது
"கழுதை வந்துவிட்டது" என்றான்.
அப்புறம்தான் அழுதான். எதற்கென்று
எனக்குப் புரியவில்லை. கதை முடிந்த வருத்தம் என்று நினைத்தேன்.

ரேஸோ இப்போது போலந்தில்,
கோழி வெட்டும் ஆலையில் இரவு ஷிஃப்ட்.
இடைவேளையில் கூப்பிட்டான்.
கழுதை கிடைத்துவிட்டது என்றேன்.
எந்தக் கழுதை?
கடிகாரம் சுமக்குமே.
மண்ணெண்ணெய் வாடை ஞாபகம் இருக்கு ஷோரேனா,
கழுதை இல்லையே.
பூனைக்கு ஜலதோஷம்?
நானா சொன்னேன், என்றான்.
பின்னால் ஏதோ இயந்திரம் ஓடிக்கொண்டிருந்தது.

லேப்டாப்பை மூடினேன்.
விளக்கையும் ஏனோ அணைத்தேன்.
ஆற்றங்கரையில் ஒரு காலைத் தூக்கி நின்றது, என்றேன்,
முதுகில் கடிகாரம், எதிரே ஒரு மலை.
அந்தப் பக்கம் ரேஸோ
சாண்ட்விச்சை மென்றுகொண்டே இருந்தான்.
மென்று விழுங்கினான்.

"அப்புறம்?"