நான்காம் நாள்

ராங்கின் இன்லெட்டில் ஆறு நாள்.
இருபத்து மூன்று கண்புரைகள்.
பெட்டிகளோடு போனோம், பெட்டிகளோடு திரும்பினோம்.

தாதி ஊலாயுவுக்கு நான் காட்டியது இவ்வளவுதான்:
கீழிமையைப் பைபோல் இழுத்து ஒரு சொட்டு.
புட்டியின் நுனி எங்கும் படக்கூடாது.
ஒரு மருந்துக்கும் அடுத்ததுக்கும் ஐந்து நிமிடம்.
அவள் கடிகாரம் பார்க்கவில்லை,
கெட்டிலைப் போட்டாள்.

ரொறொன்ரோவில் அச்சடித்த என் தாளில்
'தோட்ட வேலை தவிர்க்கவும்' என்றிருந்தது.
வெளியே மே மாதம், முழங்கால் பனி.
சிரிக்காமல் அதை அடித்துவிட்டு எழுதினாள்:
பனிவண்டி ஓட்டக்கூடாது.
மீன்துளைமேல் குனியக்கூடாது.
வேட்டைக்காரர் மக்பா
கட்டில்லாத கண்ணால் முறைத்தார்.
எத்தனை நாள் என்று நான் சொல்ல வாயெடுக்குமுன்
அவர்கள் மொழியில் ஒரு பேரம்
நடந்து முடிந்திருந்தது.

நான்காம் நாள், ஸ்காபரோ.
கையில் புட்டுப் பொட்டலம்,
பேருந்து வரவில்லை, அழைப்பு வந்தது.

"மக்பாவுக்குக் கண் சிவந்திருக்கு. வலி.
காலையில் விரல் எண்ணினார், இப்போ முடியல்லை."

எனக்கு அடிவயிறு கவிழ்ந்தது.

"வின்னிபெக் டொக்டரோடு கதைச்சிட்டேன்.
படம் அனுப்பியாச்சு.
மூன்று மணிக்கு விமானம், நானும் போறேன்."

கேட்க வாய் திறந்தேன்.
கேள்வி ஒன்றும் மிஞ்சவில்லை.
அவள் பக்கத்தில் ஏதோ சீறியது,
கெட்டில்.

"அடுத்த சொட்டுக்கு நேரம்" என்று
வைத்துவிட்டாள்.