சொட்ட வேண்டிய இடம்

லியூ கிம் ஹோயின் பழைய இரும்புக் கிடங்கில்
செம்பனைக் குலை ஏற்றிய லோரிகளுக்குப் பின்னால்
கழுத்துவரை லாலாங் மூட நின்றது.
கிம் ஹோய் கிலோ கணக்கில் விலை சொன்னான்.
நான் வண்டியாகக் கேட்டேன்.
ஓடாத ஒரு கியர்பெட்டியும் கொஞ்சம் ரொக்கமும் கொடுத்து
இழுத்து வந்தோம்.

ஐம்பத்து நாலில் கப்பலேறி வந்த பெட்ஃபோர்டு.
புக்கிட் செராயா தோட்டத்துத் தீயணைப்பு வண்டி.
கதவைச் சுரண்டச் சுரண்டப்
பச்சை, சாம்பல், மறுபடி பச்சை,
எல்லாவற்றுக்கும் அடியில் சிவப்பு.

பட்டறையில் நான், என் கொழுந்தன் அமிர்தராஜு,
அப்புறம் பொம்பாவில் வேலை பார்க்கும் ரொஸ்லான்.
லீவு நாளிலும் பொம்பா வண்டிதானா என்று
அவன் பெண்டாட்டி போனில் திட்டுவது
வெல்டிங் சத்தத்தையும் மீறிக் கேட்கும்.

ஆறு பிஸ்டனில் இரண்டு அசையவில்லை.
டீசலும் கியர் எண்ணெயும் கலந்து ஊற்றிக் காத்திருந்தோம்.
பதினெட்டாம் நாள் மரக்கட்டை வைத்துத் தட்ட
களுக்கென்றது ஒன்று.
மற்றதற்கு இன்னும் ஒன்பது நாள்.
அதற்குள் அமிர்தராஜு
இரண்டு முறை சிகரெட்டை விட்டிருந்தான்.

இருக்கைக்கு அடியில் தகரப் பெட்டி.
வண்டி போன இடமெல்லாம் எழுதிய ஏடு,
கரையான் தின்றது போக:
புகைக்கூடம். புகைக்கூடம்.
தொரை பங்களா, கார் கொட்டகை.
புகைக்கூடம்.

ஐந்தாம் லயம் எரிந்த இரவு
என் அம்மாவின் முழங்கையில் இன்னும் இருக்கிறது.
அந்தத் தேதியைத் தேடினேன்.
பம்ப் துடைத்தது. எண்ணெய் விட்டது.
அவ்வளவுதான்.

ரொஸ்லான் ஏட்டை வாங்கிப் படித்து
ஒன்றும் சொல்லாமல் துணியில் சுற்றி வைத்தான்.
நான் ஸ்பேனரைப் போட்டுவிட்டு வெளியே போனேன்.
திரும்பி வந்து பம்பைக் கழற்றினேன்.
இரும்பைக் கேட்டு என்ன ஆகப்போகிறது?
சாவி எவன் இடுப்பில் தொங்கியதோ
அவனைக் கேட்டிருக்க வேண்டும்.

பங்களாவை ஓட்டலாக்கியவர்கள் வந்தார்கள்.
இஞ்சின் ஓட வேண்டாமாம். வாசலில் நின்றால் போதுமாம்.
சிவப்பு மட்டும் பளிச்சென்று.
முன்பணம் மூவாயிரம் வெள்ளி.
வாங்கிக்கொண்டேன், டயர் போட வேண்டியிருந்தது.

ஜனவரியில் ஆறு லாபிஸ் கடைவீதிக்குள் வந்தது,
மூன்று நாள் தங்கியது,
சேற்றை விட்டுவிட்டுப் போனது.
பள்ளத்தில் இருக்கும் தமிழ்ப்பள்ளியை விட்டு மட்டும்
தண்ணீர் போகவில்லை. கணினி அறையில் நெஞ்சளவு.
பொம்பா வண்டிகள் எல்லாம் சிகாமட் சாலையில்.
ரொஸ்லான் போன் அடித்தான்:
"உன் சிவப்பியைக் கூட்டி வா."

சாலை வரி இல்லை, காப்புறுதி இல்லை, பிரேக் பாதி.
இரண்டு தரம் கிளட்ச் மிதித்து
இரண்டாம் கியரிலேயே போனேன்.
மார்க்கெட் முனையில் கையை உயர்த்தப் போன போலீஸ்காரர்
தொப்பியைச் சரிசெய்துகொண்டு
வேறு பக்கம் திரும்பினார்.

குழாயை இறக்கினோம். பம்ப் இழுக்கவில்லை.
தண்ணீர் எடுக்க அதற்கு முதலில்
தண்ணீர் கொடுக்க வேண்டும்.
தலைமையாசிரியை கனகவல்லி
நிவாரணத்துக்கு வந்த குடிநீர் போத்தல்களைத்
திறந்து திறந்து நீட்டினார்.
பதினான்காவது போத்தலில்
குழாய் விறைத்தது.

தீயைப் பார்க்கக் கட்டிய வண்டி
ஏழு மணி நேரம் வெள்ளத்தைக் குடித்துச்
சாலைக்கு அந்தப் பக்கம் துப்பியது.
வடிகட்டியில் ஒற்றைச் செருப்பு, வாய்ப்பாட்டு அட்டை,
உயிரோடு ஒரு கெளுத்தி.

அச்சு நுழையும் இடத்தில் சொட்டிக்கொண்டே இருந்தது.
அமிர்தராஜு ஸ்பேனரோடு குனிந்தான்.
இறுக்காதே என்றேன்.
அங்கே சொட்டினால்தான் அச்சு வேகாது.
காய்ந்த பம்ப் தன்னையே எரித்துக்கொள்ளும்.

மறுநாள் ஓட்டல்காரர் வந்து
சேற்றைப் பார்த்தார், சக்கரத்தடியில் ஈரத்தைப் பார்த்தார்.
"சேறு கழுவினால் போய்விடும். இது நிற்குமா?
வாசலில் பளிங்குத் தரை."
"ஓடினால் சொட்டும்."
"ஓட்டவே வேண்டாமே."

டயர் போக ஆயிரத்து நூறு இருந்தது.
எண்ணிக் கொடுத்தேன்.
மீதிக்குத் தவணை சொன்னேன்.