சேடு நம்பர்

வெடியால ஐந்தே முக்காலுக்கு
சின்னாண்டி குளத்தில் ஒரு நிறம் இருக்கும்.
ஆறு மணிக்கு இருக்காது.

திருப்பூரில் சாய ஆலை லேப்பில் இருக்கிறேன்.
உள்ளங்கையளவு துணி அனுப்பி
அச்சு அசல் இதே சேடு என்பான் வெளிநாட்டுக்காரன்.
மஞ்சள் அரை கிராம், நீலம் ஒரு பொட்டு,
உப்பு, சோடா, அறுபது டிகிரி.
நனைத்து, காயவைத்து, விளக்குப் பெட்டிக்குள் இரண்டையும் ஒட்டிவைத்து
பகல் வெளிச்சம், கடை வெளிச்சம், வீட்டு மஞ்சள் பல்பு என்று
சுவிட்சை மாற்றி மாற்றிப் பார்ப்பேன்.
ஒரு வெளிச்சத்தில் இரட்டைப்பிள்ளைகள்.
அடுத்ததில்
வரப்புத் தகராறில் பிரிந்த பங்காளிகள்.

கேமரா போன தீபாவளி போனஸில் வாங்கியது.
உடுமலைப் பக்கம் கல்யாணங்கள் எடுத்துக்கொண்டிருந்த
தெய்வசிகாமணி விற்றது.
பைக்குள் இன்னும் ஓமப்புகை மணக்கிறது.
எத்தனை தாலி பார்த்த லென்சோ,
இப்போது நாமக்கோழி பார்க்கிறது.

குளத்தை எடுப்பது லேசில்லை.
நின்றால் செல்போன் டவர்.
குந்தினால் டவர் மறையும்,
பூங்காவின் சிமெண்டுப் பென்குவின்
குப்பைக்கு வாயைப் பிளந்துகொண்டு எழும்பும்.
வெள்வேல மரத்துக்குப் பின்னால் போய்
முள் குத்தாமல் ஒரு காலில் நின்றால்
தண்ணீரும் வானமும் மட்டும்.
மேற்கே, கணவாய்க் காற்று கழுவிவிட்ட நாளில்,
நகக்கீறல் போல மலை.

நடக்க வந்த எல்.ஐ.சி. ராக்கியண்ணன்
நான் பார்க்கும் பக்கமே கொஞ்சநேரம் பார்த்துவிட்டு
"அக்கட்டால ஒண்ணையுங் காணமேங்க?" என்றார்.
ஆமாங்க, என்றேன்.
அந்த ஒண்ணுமில்லாததைத்தான்
அரைமணி நேரமாகக் கட்டத்துக்குள் இழுத்துக்கொண்டிருந்தேன்.

பொழுது கிளம்புவதற்கு முந்தைய அந்த நிறத்தை
ஒரு திங்கட்கிழமை லேப்பில் பிடித்துப் பார்த்தேன்.
சாம்பலும் இல்லை, ரோஸும் இல்லை.
பதினான்கு தடவை துணி நனைத்தேன்.
ஜன்னலோரம் பொருந்தும்,
பெட்டிக்குள் வைத்தால் பல்லிளிக்கும்.
சூப்பர்வைசர் சென்னியப்பன் எட்டிப் பார்த்து
"இது எந்தப் பார்ட்டி?" என்றார்.
பார்ட்டி இன்னும் பேர் சொல்லலைங்க.

ஐப்பசியில் ராத்திரியெல்லாம் மழை கொட்டிய மறுநாள்
ஓடை வந்து விழும் மூலையில்
இடுப்புயரம் நுரை நின்றது.
வெள்ளை. விளிம்பில் ஊதா.
கீழ்வானம் அதற்குள் புகுந்து வெளியே வந்தது.
வேகமாக நாற்பது படம் எடுத்தேன்.
வெட்கமில்லாமல் சொல்கிறேன், நான் எடுத்ததிலேயே அதுதான் அழகு.
ராக்கியண்ணன் வாங்கி இருபது பேருக்கு அனுப்பினார்.
காஷ்மீருங்களா என்று கேட்டார்களாம்.

சாயந்திரம் வீட்டில் பெரிதாக்கிப் பார்த்தபோதுதான்
அந்த ஊதாவை எனக்குத் தெரிந்தது.
நாலாயிரத்து நானூற்றிப் பதினேழு.
பிள்ளைகள் பனியன், கோடைக்கால ஆர்டர்.
பாஸ் போட்டவன் கையெழுத்து
கொஞ்சம் இடப்பக்கம் சாய்ந்திருக்கும்.

யார் யாரோ சாயம் போடுகிற ஊர்.
ஊதா ஒருவனுக்கு மட்டும் சொந்தமா?
இப்படியெல்லாம் சொல்லிக்கொண்டே
மறுநாள் சட்டைப்பையில் மாதிரித் துண்டோடு போனேன்.

மிச்ச நுரை ஓரத்தில் ஒதுங்கிக் கிடந்தது.
துண்டை அதன் பக்கத்தில் பிடித்தேன்.
பொழுது ஏறியது. பொருந்தியது.
மேகம் மூடியது. பொருந்தியது.
லீவு சொல்லிவிட்டு உட்கார்ந்திருந்தேன்,
நடைபாதை விளக்கு மஞ்சளாக எரியும்வரை.
பிரியவில்லை.
இருபத்திரண்டு வருசத்தில்
எல்லா வெளிச்சத்திலும் நின்ற சேடு
இது ஒன்றுதான்.

ஒரு நாமக்கோழி நுரைக்குள் போய்
நெற்றியில் கொஞ்சம் எடுத்துக்கொண்டு வெளியே வந்தது.

அன்றைக்கு ஒரே படம்தான்.
டவர் இருக்கிறது. வாய் பிளந்த பென்குவின் இருக்கிறது.
ஓரம் எதையும் வெட்டவில்லை.
நடுவில் அந்தத் துண்டு,
அதைப் பிடித்திருக்கும் கட்டைவிரல்,
நகக்கண்ணில்
எத்தனை சோப்புக்கும் போகாத நீலம்.