ஒன்றும் குறையாது

கூட்டுப் புகைப்படம் மூன்று பிரதி கேட்டார்கள்.
தங்கச்சிமடம் ஸ்டுடியோவில்
விளக்கு மின்னுமுன் புஷ்பம்
மூச்சை இழுத்து வாயை இறுக்கிக்கொண்டாள்.
பாசிக்கு முங்கும் முகம் அது.
"சாதாரணமா இருங்கம்மா" என்றான் பையன்.
அவளுக்கு அதுதான் சாதாரணம்.

முப்பத்துநாலு வருசம்
பாம்பன் பக்கத்துத் தண்டவாளத்தில் கீமேனாக நடந்தேன்.
உப்பு தின்ற போல்ட்டுகளை
உப்பு தின்னத் தின்ன முறுக்கினேன்.
இந்த மாசக் கடைசியோடு அறுபது.

மண்டபத்தில் வைத்து விளக்கினார்
வெல்ஃபேர் இன்ஸ்பெக்டர் பவுன்ராஜ்:
கடைசி அடிப்படைச் சம்பளம் நாற்பத்துநாலாயிரத்து நூறு.
அதில் பாதி, நான் உள்ளவரை.
நான் போனபின் நூற்றுக்கு முப்பது, இவள் உள்ளவரை.
அறுபத்தேழு ஆகுமுன் நான் போய்விட்டால் மட்டும்
எனக்கு அறுபத்தேழு ஆகியிருக்கும் நாள்வரை அதே பாதி,
அப்புறம் முப்பது.
அகவிலைப்படி தனி.

பாசி வியாபாரியின் தராசு முள்ளை
இருபது வருசமாகக் கண்ணால் பிடித்துவைத்திருப்பவள்
மேசைத் தூசியில் விரலால் போட்டாள் கணக்கை.
"ரெண்டு பேருக்கு இருபத்திரெண்டாயிரத்து அம்பது.
ஆளுக்குப் பதினோராயிரம், சில்லறை.
ஒத்தையா நின்னா பதிமூவாயிரத்து இருநூத்தி முப்பது.
அப்ப நீரு செத்தா
எனக்கு ரெண்டாயிரத்துச் சொச்சம் லாபம்."
"அறுபத்தாறுல செத்தா இன்னும் லாபம்" என்றேன்.
பவுன்ராஜ் சிரிக்கவில்லை.
அவருக்கு இன்னும் பதினொரு வருச சர்வீஸ்.

பணிப்பதிவேட்டில் புஷ்பம்.
ஆதாரில் மரியபுஷ்பம்.
ரேஷன் அட்டையில் புஸ்பமேரி.
"இதுல யாரு சார் உங்க சம்சாரம்?"
கட்டியது ஒருத்தியை,
எழுதியவர்கள்தான் மூன்று பேர்.
மூவரும் ஒருவரே என்று
முத்திரைத்தாளில் சத்தியம் செய்தோம்.
பங்குச் சாமியார் ஞாயிறுதோறும் சொல்வதுதானே,
எங்களுக்குக் கஷ்டமாயில்லை.

வங்கியில் கூட்டுக் கணக்கு.
'இருவரில் ஒருவர் அல்லது உயிரோடிருப்பவர்'
என்ற வரிக்கு நேரே டிக் அடித்தேன்.
ரேகை இயந்திரத்தில் அவள் கட்டைவிரலை வைத்தாள். சிவப்பு.
ஆள்காட்டி, சிவப்பு.
பத்து விரலும் சிவப்பு.
"ரேகையே இல்லையேம்மா?"
"குருசடைத் தீவுப் பாறைகிட்ட இருக்கு தம்பி,
வாச்சர் விட்டா போய் வாங்கிக்கிரும்."
கடைசியில் கண்ணைக் காட்டச் சொன்னார்கள்.
முகமூடிக் கண்ணாடியில்லாமல்
அவ்வளவு பக்கத்தில் எதையும் பார்த்துப் பழக்கமில்லாத கண்
இரண்டு தடவை மூடிக்கொண்டது. மூன்றாவதில் பச்சை.

பேருந்துக்கு நிற்கும்போது கேட்டாள்:
"நான் முந்திட்டா?"

படிவத்தைப் பிரித்தேன்.
இரண்டு பக்கமும் தேடினேன்.
பவுன்ராஜுக்குப் போன் போட்டேன்,
காற்றுச் சத்தத்தில் ஸ்பீக்கரில்.
"அதுக்கேன் சார் கவலைப்படுறீங்க?
அவங்க பேரை அடிச்சிருவோம், அம்புட்டுதான்.
உங்களுக்கு ஒண்ணும் குறையாது.
முழுசா வரும்."

அவள் வடக்கே பார்த்துக்கொண்டிருந்தாள்.
மாசம் பன்னிரண்டு நாள் தண்ணீர்,
ஒரு முங்கலுக்கு ஒரு மூச்சு.
பெண்ணின் காலேஜ் பீஸ் அதில்.
கூரை ஓடு அதில்.
சம்பளம் பிந்திய மாசங்களில் என் பீடி அதில்.
எந்த ஆபீசிலும் அதற்குப் பதிவேடில்லை,
அதனால் குறையவும் வழியில்லை.

"பாத்தீரா, பாதுகாப்பா இருக்கீரு" என்றாள்.
பேருந்து வந்தது. டிக்கெட் அவள் எடுத்தாள்.

ராத்திரி கேட்காமலே கத்தரிக்கோலைத் தேடினேன்.
நாளைக்கு விடியுமுன் வற்றம்.
என் பழைய காக்கிச் சட்டையைக் கீறி
விரலுக்கொரு நாடாவாகச் சுற்றினேன்.
"இறுக்காதீரும், ரத்தம் ஓடணும்" என்றாள்.
பத்து விரல்.
ஒரு கையே போதுமாயிருந்தது,
மற்றக் கை அடுத்த மாசத்துக்கு.